குளிர் மட்டும் மாறவில்லை

தர்மபுரியின் வத்தல்மலையில் மார்கழி இரவென்றால் குளிர் வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவோ, உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு. அடுப்புக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. மற்றவர்களுக்குக் கம்பளிதான் கதி. சீனாவின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஹார்பினில் தை மாத இரவு மைனஸ் 25 டிகிரி வரை இறங்கும். அங்கே வீட்டுக்குள் ஆட்கள் பனியனோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

நான் ஹார்பினில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறைக்கு தர்மபுரி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: "அங்க குளிரு நம்ம வத்தல்மல மாதிரி இருக்குமா?" வெளியில் பல மடங்கு, ஊட்டுக்குள்ள நம்ம மலைதான் அதிகக் குளிர் என்பேன். யாரும் நம்பியதில்லை.

அந்த ஊரில் குளிரைப் பார்த்துக்கொள்வது நகராட்சியின் வேலை. அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை, சரியாக ஆறு மாதம், கொதிகலன்களிலிருந்து வெந்நீர் குழாய்வழியாகத் தெருத் தெருவாக, வீடு வீடாக ஓடும். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் இரும்புப் பட்டைகள் கைவைத்தால் சுடும். அறையின் சூடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. துவைத்த சட்டையை அந்தப் பட்டையின் மேல் போட்டால் சீக்கிரமே மொடமொடவென்று காய்ந்துவிடும். காற்றும் அதே மாதிரி காய்ந்துபோவதால் உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும். ஒரு கிண்ணம் தண்ணீரைப் பட்டையருகே வைத்துவிட்டுத் தூங்கப் பழகிக்கொள்ள வேண்டும். இட்லி மாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இரவு வைத்தால் காலையில் பொங்கி வழியும். வத்தல்மலையில் அதே மாவு மார்கழியில் இரண்டு நாள் ஆனாலும் அசையாது.

ஹார்பினில் குளிர் உண்மையில் உறைப்பது அக்டோபர் தொடக்கத்திலும் ஏப்ரல் கடைசியிலும்தான். வெந்நீர் இன்னும் வரவில்லை, அல்லது நின்றுபோய்விட்டது. வெளியே 5 டிகிரி. அந்தச் சில வாரம் ஊரே வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருக்கும். புதிதாகப் போன நம் பிள்ளைகள் ஜனவரிக்குப் பயந்து கனத்த கோட்டு வாங்கி வைத்துவிட்டு, அக்டோபரில் அறைக்குள் நடுங்குவார்கள்.

இந்த வெந்நீர் வசதி எல்லா வீட்டுக்கும் எப்போதும் இருந்ததில்லை. வயதான ஹார்பின்வாசிகளைப் பேசவிட்டால் நிலக்கரி அடுப்பில்தான் தொடங்குவார்கள். செங்கல் மேடை கட்டி, அடியில் அடுப்புப் புகையை ஓடவிட்டு, குடும்பமே அதன்மேல் படுக்கும்; அதற்குக் காங் என்று பெயர். ஜன்னல் இடுக்குகளில் காகிதப் பட்டையைப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். வசந்தம் வரும்வரை ஜன்னல் திறக்காது. இலையுதிர்காலம் முடிவதற்குள் முட்டைக்கோஸை மலைமலையாக வாங்கிக் குவித்து, பாதியை ஜாடியில் புளிக்க வைத்துவிட வேண்டும். காரணம், அடுத்த பச்சைக் காய்கறியைக் கண்ணால் பார்க்க மாதக்கணக்காகும். இன்று பல்பொருள் அங்காடியில் நடுக்குளிரிலும் கத்தரிக்காய், தக்காளி, பச்சை மிளகாய் கிடைக்கின்றன. முட்டைக்கோஸ் குவிப்பது வழக்கமாக மிஞ்சியிருக்கிறது, கட்டாயமாக இல்லை.

ஹார்பினே வெளியூர்க்காரர்களால் எழுந்த ஊர். 1898-ல் ரஷ்யர்கள் சீனாவின் ஊடாக ரயில்பாதை போட வந்தபோது, சோங்ஹுவா ஆற்றங்கரையில் சிறு ஊர்களாக இருந்த இடம் நகரமாயிற்று. கல் பாவிய ஜோங்யாங் வீதி, வெங்காயக் குவிமாடம் வைத்த புனித சோஃபியா தேவாலயம், தலையணை அளவு கருப்பு ரொட்டி, புகையூட்டிய தொத்திறைச்சி எல்லாம் அந்தக் காலத்து மிச்சம்.

அந்த ஊரில் வந்து தவித்த வெளியூர்க்காரர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பினாங்கில் பிறந்த ஒரு மருத்துவர், வூ லியன் தே. 1910 டிசம்பர் 24 அன்று ரயிலில் வந்து இறங்கினார். வயது 31. சீன வம்சாவளிதான்; ஆனால் படித்தது பினாங்கிலும் கேம்பிரிட்ஜிலும். ஆங்கிலம் சரளம், சீனம் தட்டுத்தடுமாற்றம். சொந்த இனத்தாரின் ஊரிலேயே அவர் பாதி அந்நியர். மர்மோட் என்ற பெரிய தரை அணிலை வேட்டையாடியவர்களிடமிருந்து கிளம்பிய நுரையீரல் பிளேக் அப்போது மஞ்சூரியா எனப்பட்ட அந்த வடகிழக்குப் பகுதி முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. நோய் எலியால் அல்ல, மூச்சால் பரவுகிறது என்றார் வூ. பருத்தித் துணியையும் பஞ்சையும் மடித்து முகக்கவசம் செய்து எல்லோரையும் கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை மதிக்காமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே பிளேக்கில் இறந்தார். அதன் பிறகுதான் ஊர் வூவின் பேச்சைக் கேட்டது.

குளிர் அவருக்கு வைத்த சோதனை வேறு. மண் பாறையாக உறைந்திருந்ததால் குழி தோண்ட முடியவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் மயானத்தில் அப்படியே கிடந்தன. இறந்தவரைப் புதைக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் எரிப்பதற்குப் பேரரசின் அனுமதி வாங்கி, 1911 ஜனவரி கடைசியில், சீனப் புத்தாண்டு பிறந்த கையோடு, அத்தனையையும் எரித்தார். சில வாரங்களில் கொள்ளைநோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேர் போயிருந்தார்கள். 1926-ல் அவர் ஹார்பினில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததுதான் இன்றைய ஹார்பின் மருத்துவப் பல்கலைக்கழகம். முப்பதுகளின் இறுதியில், ஜப்பானியப் போர் வந்தபோது மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் சாதாரண மருத்துவராகக் காலம் தள்ளினார். நம் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். படிக்க ஹார்பினுக்குப் போகும் கதைக்கு, பினாங்கிலிருந்து வந்து சீனம் தெரியாமல் திணறிய இந்த மனிதரைத்தான் நான் முதல் அத்தியாயமாக வைப்பேன்.

இந்தியப் பிள்ளைகள் திரளாகச் சீனாவுக்குப் படிக்கப் போகத் தொடங்கியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். தமிழ்நாட்டிலிருந்து ஷென்யாங், தாலியன், ஹார்பின் என்று வடகிழக்குக்கும் போனார்கள். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரியே 2008-ல்தான் வந்தது, அதுவும் 100 இடங்களோடு. இடம் கிடைக்காதவர்களுக்கும், இங்கே தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் சீனா ஒரு வழியாகத் தெரிந்தது.

அன்றைக்குப் பெட்டி பாதி துணி, பாதி மளிகை. உளுந்து, புளி, சாம்பார்ப் பொடி, குக்கர். அங்கே அரிசிக்குப் பஞ்சமில்லை. ஹார்பினை ஒட்டிய வுசாங் அரிசி சீனா முழுக்கப் பேர் பெற்றது. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டும். சாம்பாருக்கு ஆகாது; தயிர் சோற்றுக்கு அமிர்தம். தயிர்தான் பிரச்சினை. கடையில் கிடைப்பதெல்லாம் இனிப்புத் தயிர். சர்க்கரை போடாத தயிர் ஒரு டப்பா கண்டுபிடித்துவிட்டால் அதை உறையாக்கி அடுத்தடுத்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அறை அறையாக உறை கைமாறும். களி கிண்டுகிறவர்கள் கேழ்வரகு மாவை ஊரிலிருந்துதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்று உளுந்தையும் கறிவேப்பிலைப் பொடியையும் போனில் சொன்னால், குவாங்சோவிலோ யீவூவிலோ இருக்கும் இந்திய வியாபாரி கூரியரில் போடுகிறார். சமையலறையில் ஏக்கம் குறைந்துவிட்டது. இதை நல்லதென்றே சொல்வேன். பெட்டியில் புளி கசிந்து சான்றிதழ் நனைந்த கதைகள் கேட்கத்தான் சுவை.

ஹார்பின்காரர்களுக்கு நம்மைத் தெரிந்த விதமும் மாறியது. அந்நாளில் டாக்ஸி ஓட்டும் பெரியவர், இந்தியா என்று சொன்னதும் ராஜ் கபூரின் 'ஆவாரா' பாட்டை முனகுவார். 2017-க்குப் பிறகு எல்லோரும் 'தங்கல்' பார்த்திருந்தார்கள். 2024 நவம்பரில் விஜய் சேதுபதியின் 'மகாராஜா' சீனத் திரையரங்குகளில் வெளியானது. இந்தியா என்றால் இந்தி என்று நினைக்கும் சகமாணவனிடம், இது எங்கள் மொழிப் படம் என்று சொல்ல ஒரு வாய்ப்பு.

பெரிய மாற்றம் சட்டைப்பையில் நடந்தது. முன்பு கையுறைக்குள் ஒரு யுவான் நாணயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு நிற்பார்கள். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்திருக்கும். எந்த நிறுத்தம் என்று பார்க்க நகத்தால் சுரண்ட வேண்டும். 2013-ல் மெட்ரோ வந்தது. அதோடு கூடவே பணமும் தாளை விட்டுப் போய்விட்டது. வீசாட், அலிபே என்ற செயலிகள் இல்லாமல் வேகவைத்த சோளக்கதிர்கூட வாங்க முடியாத நிலை. வெளிநாட்டவருக்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டியிருந்தது, அதற்குப் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் எழுத்துப் பிசகாமல் எல்லா இடத்திலும் பொருந்த வேண்டியிருந்தது. அப்பா பெயரும் சேர்ந்து நீளும் நம் தமிழ்ப் பெயர்கள் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காது. வெளிநாட்டு அட்டைகளையும் இணைக்கலாம் என்று 2023 நடுவில்தான் வழி அகலமானது.

இங்கேதான் குளிர் பின்வாசல் வழியாக வருகிறது. மைனஸ் 25 டிகிரியில் போன் பேட்டரி சட்டென்று விழுந்துவிடும். 40 சதவீதம் காட்டிய போன் நடுத்தெருவில் அணைந்தால் பேருந்து இல்லை, டாக்ஸி இல்லை, சாப்பாடு இல்லை, வழி தெரியாது, அகராதியும் இல்லை. அதனால் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பட்டையை இப்போது போனின் முதுகில் ஒட்டுகிறார்கள். அன்று விரலைக் காப்பாற்றினார்கள். இன்று போனைக் காப்பாற்றினால் போதும் என்றாகிவிட்டது.

வீட்டோடு பேசுவதும் அப்படியே. முதலில் தொலைபேசி அட்டை. எண்ணை அமுக்கி முடிப்பதற்குள் அம்மா அழத் தொடங்கிவிடுவார். 2011-ல் வந்த வீசாட் முகம் பார்த்துப் பேச வைத்தது. சீனா 2017-ல் வாட்ஸ்அப்பை முடக்கியபோதும் பெற்றோர் வீசாட் வைத்துச் சமாளித்தார்கள். 2020 ஜூன் 29 அன்று இந்தியா 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது, வீசாட்டும் அதில் ஒன்று. பிள்ளையிடம் இருப்பது பெற்றோருக்குத் தடை, பெற்றோரிடம் இருப்பது பிள்ளைக்குத் தடை. இரண்டு அரசுகளின் கோபத்துக்கு நடுவில் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு வி.பி.என். தேட வேண்டியதாயிற்று.

அப்போது பெரும்பாலான பிள்ளைகள் ஊரில்தான் இருந்தார்கள். 2020 தொடக்கத்தில் கொரோனாவுக்குத் தப்பி வந்தவர்களுக்கு மாணவர் விசா மறுபடி திறந்தது 2022 ஆகஸ்ட் கடைசியில். இரண்டரை ஆண்டு, உடற்கூறியலை மொட்டைமாடியில் உட்கார்ந்து செல்போனில் படித்தார்கள். அந்த ஆண்டே பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் ஒரு கணக்கைச் சொல்லி எச்சரித்தது: 2015 முதல் 2021 வரை, சீனாவில் படித்துவிட்டு இந்தியத் தகுதித் தேர்வு எழுதிய 40,417 பேரில் தேறியவர்கள் 6,387 பேர். பெற்றோர் முகவரிடம் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த எண்ணைக் கேட்பவர் அரிது.

உண்மையான கஷ்டம் குளிர் அல்ல என்பதை வத்தல்மலையிலும் பார்க்கிறேன். மலையாளிப் பழங்குடி மக்களிடம் பழைய கஷ்டத்தைக் கேட்டுப் பாருங்கள், குளிரைச் சொல்ல மாட்டார்கள். ஒத்தையடிப் பாதையில் மூட்டை சுமந்ததையும், நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறங்கியதையும்தான் சொல்வார்கள். 2021 செப்டம்பர் இறுதியில் முதலமைச்சர் ஸ்டாலின் மலையேறி வந்தார். அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியது 2022-ல். சுதந்திரம் வாங்கி முக்கால் நூற்றாண்டு. இப்போது சாமை, காபி, மிளகு கீழே இறங்க, வார இறுதியில் பைக்குகள் மேலே ஏறுகின்றன, குளிரைத் தேடி.

ஹார்பினுக்கும் அப்படித்தான் கூட்டம் வருகிறது. 2024 புத்தாண்டின் மூன்று நாள் விடுமுறையில் மட்டும் 30 லட்சம் பேர், அவர்களில் பலர் தென்சீனர்கள். வெளிர்நிறக் கோட்டில் உருண்டு திரண்டு வந்த அந்தத் தென்சீனர்களுக்கு "தெற்கத்திச் சின்ன உருளைக்கிழங்கு" என்று செல்லப்பெயர் வைத்தார்கள். கல்லாக உறைந்த கருப்புப் பேரிக்காயைக் கொஞ்சம் இளகவிட்டு, கடித்துச் சாப்பிடுவதுதான் ஊர் வழக்கம். விருந்தாளிகளுக்கு அதை அழகாக வெட்டித் தட்டில் அடுக்கிக் கொடுத்ததைப் பார்த்து, எங்களுக்கு ஒருநாளும் வெட்டிக் கொடுத்ததில்லையே என்று உள்ளூர்க்காரர்கள் பொருமினார்கள். உண்மையான ஹார்பின்வாசியை அந்தப் பொருமலில்தான் கண்டேன்.

போகிறவர்களுக்கு வழி இப்போது கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. ஐந்து ஆண்டு நின்றிருந்த நேரடி விமானம் 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு மறுபடி கிளம்பியது. அதற்குமுன் சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் என்று சுற்றினார்கள். குவாங்சோவில் ஜனவரியிலும் முழுக்கைச் சட்டையும் மெல்லிய ஸ்வெட்டரும் போதும். அங்கிருந்து ஹார்பினுக்கு இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். கனத்த கோட்டைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கையில் வைத்திருங்கள். போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. கேழ்வரகு மாவு இரண்டு கிலோ எடுத்துப் போங்கள். உளுந்து அங்கேயே கிடைக்கும்.