கோப்பைத் தேடி அலைய வேண்டாம்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் நிரலாக்கம் படிக்கும் இளையர்களின் திட்டப்பணியில் கோப்புகள் மளமளவென்று பெருகிவிடும். ஆனால், ஒரு நாளில் கை திரும்பத் திரும்பப் போவது நான்கைந்து கோப்புகளுக்குத்தான். அவற்றைத் திறக்கவும் ஒவ்வொரு முறையும் கோப்புறைக்குள் கோப்புறையாகச் சுட்டியால் தட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அதில் வீணாகும் சில விநாடிகள் பெரிதல்ல. என்ன திருத்த வந்தோம் என்பதே அதற்குள் மறந்துபோகிறதே, அதுதான் இழப்பு.

மாணவர்களுக்கு நன்கு பழக்கமான ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ செயலியில் கன்ட்ரோல் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்துங்கள். மேக் கணினியென்றால் கமாண்ட் விசையும் ‘பி’யும். மேலே சிறு பெட்டி ஒன்று திறக்கும். அண்மையில் திறந்த கோப்புகள் அதில் முதலில் நிற்கும். வேறு கோப்பு வேண்டுமானால் முழுப் பெயரையும் எழுதத் தேவையில்லை. ‘ஸ்டூடன்ட்லிஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தால் எஸ், டி, எல் என்ற மூன்று எழுத்துகளே அதைக் கண்டுபிடிக்கப் போதும். எழுத்துகள் பெயரில் வரும் வரிசையில் இருந்தால் சரி. இடையில் சில விடுபட்டால் பாதகமில்லை. பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து 40 என்று தட்டினால் நேரே 40ஆம் வரியில் போய் நிற்கும். ‘சப்லைம் டெக்ஸ்ட்’ பயன்படுத்துவோருக்கும் இதே விசைகள்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கோப்பைத் தனியாகத் திறக்காமல், திட்டப்பணியின் கோப்புறையையே திறந்து வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவற்றையெல்லாம் செயலி தேடும். பெயரும் முக்கியம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘நியூஃபைனல்’ என்று வைத்திருப்பவருக்கு எந்தச் செயலியாலும் உதவ முடியாது!

‘அண்மைக் கோப்புகள்’ பட்டியலில் ஒரு குறை இருக்கிறது. புதிதாகப் பத்துக் கோப்புகளைத் திறந்தால், அன்றாடம் வேண்டியது கீழே தள்ளப்பட்டுவிடும். இதற்கு நல்ல விடை, நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலெனார் 1991இல் வெளியிட்ட ‘விம்’ செயலியில் உள்ளது. எழுதும் நிலையிலிருந்து எஸ்கேப் விசையால் வெளியே வந்து, ‘எம்’ விசையையும் பிறகு பெரிய எழுத்தில் ‘ஏ’யையும் அழுத்தினால் அந்த இடத்துக்கு ‘ஏ’ என்ற அடையாளம் விழும். வேறு கோப்பில் இருக்கும்போது ஒற்றை மேற்கோள் குறியும் பெரிய ‘ஏ’யும் அழுத்தினால், அந்தக் கோப்பு அதே வரியில் திறக்கும். விம்மை மூடிவிட்டு மறுநாள் வந்தாலும் வழக்கமான அமைப்பில் அடையாளம் அழியாது. சிறிய எழுத்தில் வைத்தால் மட்டும் அது அந்த ஒரு கோப்புக்குள்தான் செல்லும். மொத்தம் 26 பெரிய எழுத்துகள் உள்ளன. நான்கைந்தைப் பயன்படுத்தினாலே தாராளம். விம் பழகச் சில நாள் எரிச்சலூட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘நோட்பேட் பிளஸ் பிளஸ்’ வைத்திருப்போருக்கு அண்மைக் கோப்புகள் ‘ஃபைல்’ பட்டியலிலேயே இருக்கும். கோப்பைத் தவறுதலாக மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திரும்ப வரும்.

கல்லூரிக் கணினிக்கூடத்தில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. அண்மைப் பட்டியல் அந்தக் கணினியிலேயே தங்குவதால், அதே கணக்கில் அடுத்து அமர்பவர் உங்கள் கோப்புகளின் பெயர்களைப் பார்க்க முடியும். விஷுவல் ஸ்டூடியோ கோடில் ‘ஃபைல்’ பட்டியலுக்குள் ‘ஓப்பன் ரீசன்ட்’ பகுதியின் அடியில் அதை அழிக்கும் வசதி இருக்கிறது. எழுந்து போகுமுன் ஒருமுறை அதைத் தட்டிவிடுங்கள்.