கன்னத்துக்குள் ஒரு கட்டி

பல் துலக்கும்போது கன்னத்தின் உட்புறத்தில் ஏதோ தட்டுப்படுகிறது. விரலால் தொட்டுப் பார்க்கிறீர்கள். மொச்சைக்கொட்டை அளவில், மெத்தென்று ஒரு கட்டி. வலி இல்லை. “வலிக்கவில்லையே, கிடக்கட்டும்” என்று சிலர் விட்டுவிடுவார்கள். வேறு சிலர் புற்றுநோயோ என்று பயந்து, அந்தப் பயத்தினாலேயே டாக்டரிடம் போகமாட்டார்கள். இரண்டுமே தவறு.

அது வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். டாக்டர்கள் இதை ‘லைப்போமா’ என்பார்கள். முதுகிலும் தோளிலும் தோலுக்கடியில் உருளும் கட்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அதே வகைதான். வாயில் வருவது குறைவு. வந்தால் பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். கன்னத்தின் உட்புறம், நாக்கு, நாக்கின் அடி, உதடு ஆகிய இடங்களில் மெல்ல மெல்ல வளரும். மேலே மஞ்சள் நிறம் தெரிவதும் உண்டு.

எண்ணெய் நெய்யை நிறுத்தினால் இது கரையாது, மாத்திரைக்கும் கரையாது. ஊசியால் குத்துவதும், சுண்ணாம்பு தடவுவதும் புண்ணைத்தான் உண்டாக்கும். சிறிய கட்டியானால், மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை முழுதாக எடுத்து, தையல் போடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். எடுத்த கட்டியை மருந்து நீரில் போட்டால், குழம்பில் எண்ணெய் மிதப்பதுபோல் மிதக்கும்! ஆனாலும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். கத்தி பட்டால் பரவும் என்பது வீண் பயம். முழுதாக எடுத்துவிட்டால் மீண்டும் வருவது அபூர்வம்.

அப்படியானால் வாயில் வரும் எல்லாக் கட்டியும் சாதுதானா? இல்லை. மலேசியாவில் வாய்ப்புற்று நம் இந்தியர்களிடையே அதிகம் காணப்படுகிறது. வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் ஆபத்து உண்டு என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. கல்போன்ற கட்டி, 2 வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

எது சாது, எது பொல்லாதது என்று விரல் சொல்லாது, சோதனைதான் சொல்லும். இன்றிரவே டார்ச் விளக்கை எடுத்து, வெற்றிலை போடும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயைப் பாருங்கள். ஏதாவது தென்பட்டால், நாளைக் காலையே அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அரைநாள் வேலை போனால் போகட்டும்; ஆளைக் காப்பாற்றலாம்.