மறதியோடு வாழ்தல் – 9: ஆட அழையுங்கள்

டிமென்ஷியா வந்த பெரியவரைப் பார்க்க வரும் உறவினர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “பெரியப்பா, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்!” பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அவருக்கு அது பரீட்சை. பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். கேட்டவரும் கேள்வியும் சற்று நேரத்தில் மறந்துபோகலாம். நாலு பேர் முன்னால் தோற்ற வருத்தம் மட்டும் மனதில் தங்கிவிடும். இப்படிச் சில முறை நடந்தால் மனிதர் பேச்சையே குறைத்துக்கொள்வார்.

“பெரியப்பா, நான் செந்தில், உங்க தம்பி மகன். ஒரு ஆட்டம் போடலாமா?” என்று பெயரையும் உறவையும் நாமே சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தால் அந்தச் சங்கடம் இல்லை. விளையாட்டு சிகிச்சையாவது இந்த இடத்தில்தான்.

சரி, தவறு இல்லாத ஆட்டம்

பிரிட்டனில் எய்மி ஸ்பெக்டர், மார்ட்டின் ஓரெல், பாப் உட்ஸ் முதலானோர் உருவாக்கிய ‘காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி’ (அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை) இந்த அடிப்படையில் அமைந்தது. ஐந்து முதல் எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். வாரம் 2 முறை, 45 நிமிடம் வீதம், 7 வாரங்களில் 14 அமர்வுகள். குழுவுக்குப் பெயர் வைப்பதும் பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. மெத்தென்ற பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து தொடங்குவார்கள். எறிபவர் தன் பெயரையோ பிடித்த பலகாரத்தையோ சொல்லலாம். பிறகு எண் விளையாட்டு, சொல் விளையாட்டு, பொருள்களை வகை பிரித்தல் என்று நாளுக்கு ஒன்று. நடத்துபவர் ஒரு படத்தைக் காட்டி “இது யார்?” என்று கேட்பதில்லை. இரண்டு நடிகர்களின் படங்களை வைத்து, “இவங்கள்ல யார் அழகு?” என்பார். அபிப்பிராயத்தில் யாரும் தோற்க முடியாது.

201 முதியவர்களிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், இந்த அமர்வுகளில் கலந்துகொண்டவர்களின் அறிவாற்றலும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பினர் இதைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

கை மறப்பதில்லை

டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயில் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ். புதிய நிகழ்வுகளைப் பதித்துவைப்பது அதன் வேலை. கைப்பழக்கத்தைக் காக்கும் பகுதிகள் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத பாட்டி, பல்லாங்குழிப் பலகையை வைத்ததும் ஒரு குழியை வழித்தெடுத்து, காய்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறார். கடைசிக் காய் விழுந்ததும் அடுத்த குழியை அள்ளுகிறார். வெறுங்குழி வந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார். எண்ணிக்கை பிசகினால் விட்டுவிடுங்கள். திருத்தினால் ஆட்டம் மறுபடி பரீட்சையாகிவிடும்.

வீட்டில் ஆடும்போது

கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். டிவியை அணையுங்கள். பலருக்கு மாலையில் பதற்றம் கூடும். காலை நேரம் உத்தமம். களைத்தால் உடனே நிறுத்துங்கள். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்குச் சோழியும் புளியங்கொட்டையும் ஆபத்து. விழுங்க முடியாத அளவில் பெரிய காய்கள் வேண்டும். கிலுகிலுப்பையை நீட்டாதீர்கள். முதியவரைக் குழந்தையாக நடத்துவது அவருடைய சுயமரியாதையைக் குலைக்கும் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட் 1990களிலேயே எச்சரித்தார்.

நோய் முற்றியவர்களுக்கும் வழி உண்டு. நெதர்லாந்தில் ஹெஸ்டர் லெ ரீஷ் என்ற வடிவமைப்பாளர் ‘டோவர்டாஃபெல்’ என்ற கருவியை உருவாக்கினார். மேலிருந்து மேசைமீது பூக்களும் இலைகளும் ஒளியாக விழும். கையை அசைத்தால் அவை விலகும், மலரும். விதி எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

விளையாட்டு நோயை நிறுத்தாது. மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்றும் அல்ல. ஆனால் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் மாத்திரை கொடுப்பதுமாகக் கழியும் நாளில், கவனிப்பவரும் கவனிக்கப்படுபவரும் சமமாக எதிரெதிரே உட்காரும் நேரம் வேறு எது? வேலையெல்லாம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், அதையும் அன்றாடச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: இரவில் தூங்காதவரோடு எப்படி இருப்பது?)