சிட்டையும் பேரேடும்

கடை வைத்திருப்போரிடம் இருவகைக் கணக்குப் புத்தகங்கள் இருப்பதை வாசகர்கள் அறிவர். கொடுக்கல் வாங்கல் நடந்த கணமே விரைந்து எழுதப்படுவது சிட்டை. பின்னர் ஓய்வாக அமர்ந்து, பெயர்வாரியாகப் பிரித்துச் செம்மையாக எழுதப்படுவது பேரேடு. பேரேடு பார்வைக்கு அழகியது. எனினும் நடந்ததற்கு முதற்சாட்சி சிட்டையே.

திருச்சபையும் இந்த ஞானத்தை நெடுங்காலமாகப் போற்றி வருகிறது. பங்குத் தந்தையர் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டுமென 1563-ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1983-ஆம் ஆண்டில் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877-ஆம் சட்டமோ, திருமுழுக்குப் பெற்றவரின் விவரங்களைக் கவனத்தோடும் காலந்தாழ்த்தாமலும் பதிய வேண்டுமெனப் பணிக்கிறது. காலந்தாழ்த்தாமை ஏன்? மனித நினைவு நிலையற்றது. நாளை எழுதலாம் என்று நினைவில் வைத்த பெயர், நாளைக்குள் மறைந்து போகலாம்.

கணினியின் நினைவகமும் அத்தகையதே. மின்சாரம் நின்ற நொடியில் அதிலுள்ள யாவும் அழிந்துவிடும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பகுதிகளில் இன்று பல குடும்பங்கள் புகைப்படங்களையும் பத்திரங்களையும் தொழிற்கணக்குகளையும் வீட்டிலேயே ஒரு சேமிப்புக் கணினியில், அதாவது சர்வரில், வைத்துக்கொள்கின்றன. ஆகவே இதனைக் குறித்துச் சிறிது சிந்திப்பது நலம் பயக்கும்.

நாமறிந்த அன்பர் ஒருவர், நடமாட இயலாத நிலையில், வீட்டிலிருந்தே சில சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைத்து வருகிறார். ஒரு மழைநாள் மாலையில் மின்சாரம் அறுந்தது. மறுபடி கணினியை இயக்கியபோது, கடைசியாகப் பதிந்த சில வரவுகளைக் காணவில்லை. திரையோ அவற்றைப் பதிவாயிற்று என்று முன்னரே அறிவித்திருந்தது! பணம் கட்டியவர் கட்டினேன் என்றார், கணக்கில் இல்லை. பழி ஏழைக் கணக்கர்மீது விழும் நிலை. நல்லவேளையாக, பணம் பெற்றவுடன் கையால் எழுதிய ரசீதின் அடிக்கட்டை அவரது நேர்மையைக் காத்தது. உடனே எழுதப்பட்ட சிறு சீட்டு, பெரிய இயந்திரத்தைவிட உண்மையுள்ளதாய் விளங்கிற்று.

நேர்ந்தது என்ன? அவரது சர்வர் இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையில் இயங்குவது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 2005-ஆம் ஆண்டில் மூலநிரலோடு வெளியிடப்பட்ட முறை அது. வரும் செய்திகளை நினைவகத்தில் திரட்டி, ஏறத்தாழ 5 நொடிகளுக்கு ஒருமுறை ஹார்டு டிஸ்க்கில் ஒழுங்காக எழுதுவது அதன் வழக்கம். இது பேரேடு. ஆனால் கணக்கு நிரல் போன்றவை, 'இதனைப் பத்திரமாக எழுதிய பின்னரே எனக்கு விடை சொல்' என்று கேட்பதுண்டு. அப்போது அச்செய்தி உடனடியாக ஒரு சிட்டையிலும் குறிக்கப்படுகிறது. மின்சாரம் அறுந்து மீண்டால், அச்சிட்டையைப் படித்து விடுபட்டதைப் பேரேட்டில் ஏற்றிக்கொள்ளும். மற்ற வேளைகளில் அதனைப் படிப்பதேயில்லை; பேரேட்டில் ஏறிய குறிப்புகள் கழிக்கப்படும்.

தனிச் சிட்டை இல்லாவிடில் அக்குறிப்பும் அதே ஹார்டு டிஸ்க்குகளில்தான் எழுதப்படும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் இவ்வாறு காத்திருந்தால் வேலை ஊர்ந்து செல்லும். அன்பரின் கணினியை அமைத்துக் கொடுத்தவர், வேகம் வேண்டி அக்காத்திருத்தலையே நிறுத்தி வைத்திருந்தார். அதனால் எழுதாமலேயே 'எழுதிவிட்டேன்' என்று சர்வர் விடை கூறிற்று. மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சொல்லின் உண்மையைப் பற்றிக் கற்பித்தது மனிதருக்கு மட்டுமல்ல, மனிதர் அமைக்கும் இயந்திரங்களுக்கும் பொருந்தும் போலும்!

இதற்கு முறையான மருந்து, சிட்டைக்கென்றே ஒரு விரைவான எஸ்.எஸ்.டி.யைத் தனியே ஒதுக்குவதாகும். ஆனால் கடையில் அவருக்குக் காட்டப்பட்டதோ, விளையாட்டுப் பிரியர்களுக்கான 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்து வைத்த பணத்தில் கைவைத்தால்தான் அதனை வாங்க முடியும். இவ்விடத்தில் குடும்பத் தலைவர்கள் மூன்று காரியங்களை நிதானித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தேவை உண்டா? படங்களையும் பாடல்களையும் சாதாரணமாகப் படியெடுத்து வைக்கும் வீட்டில் பெரும்பாலும் சிட்டைக்கு வேலையே இராது. அத்தகைய படியெடுப்பு பத்திர விடைக்குக் காத்திருப்பதில்லை. கணக்குத் தரவுத்தளமோ, ஒரு கணினிக்குள் பல கணினிகளை இயக்கும் அமைப்போ உள்ள வீட்டிற்கே அது பயன்படும். தேவையற்றவர் அப்பணத்தை மிச்சப்படுத்தலாம்.

இரண்டாவது, அளவு. வீடுகளில் வழங்கும் 1 கிகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகம் போனால் 125 மெகாபைட்டே வந்துசேரும். 5 நொடிக்கு 625 மெகாபைட். மூன்று தவணை தங்கினாலும் 2 கிகாபைட்டைத் தாண்டாது. ஆகவே 16 கிகாபைட்டே தாராளம். 1 டெராபைட் வீண். சிட்டை எத்தனை தடிமன் என்பதல்ல, உடனே எழுதுகிறதா என்பதே கேள்வி.

மூன்றாவதும் முதன்மையானதும், மின்சாரம் அறுந்தாலும் சொன்ன சொல்லைக் காக்கும் ஆற்றல். சாதாரண எஸ்.எஸ்.டி. பலவற்றில் செய்தி முதலில் அழியும் நினைவகத்தில் தங்குகிறது. நிலையாக எழுதிய பின்னரே விடை சொல்வது நேர்மையானது. ஆனால் மிகத் தாமதிக்கும். எழுதுமுன்னரே விடை சொல்வது விரைவானது, ஆனால் நம்பத்தகாதது. சர்வர்களுக்கென்றே செய்யப்படும் எஸ்.எஸ்.டி.களிலோ சிறு மின்தேக்கிகள் உண்டு. மின்சாரம் நின்ற பின்னும், கையிலுள்ளதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவை ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். விளக்கோடு எண்ணெயும் எடுத்துச்சென்ற முன்மதியுள்ள கன்னியரின் உவமையை நினைவுகூருங்கள். இருள் வந்தபின் எண்ணெய் வாங்கப் போனவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

ஓயாது எழுதப்படுவதால் சிட்டைக்குத் தேய்மானம் மிகுதி. எவ்வளவு எழுதத் தாங்கும் என்று தயாரிப்பாளர் தரும் கணக்கையும் பார்க்க வேண்டும். இவ்வேலைக்கு மிகவும் புகழ்பெற்ற ஆப்டேன் வகையை இன்டெல் நிறுவனம் கைவிடுவதாக 2022-ஆம் ஆண்டில் அறிவித்தது. அதனையோ, பயன்படுத்திய சர்வர் எஸ்.எஸ்.டி.யையோ வாங்குவோர், எவ்வளவு தேய்ந்துள்ளது என்று கணினியில் சோதித்தே வாங்குக. நம் அன்பர் அவ்வாறே மின்தேக்கியுள்ள சிறிய பழைய எஸ்.எஸ்.டி. ஒன்றைக் குறைந்த விலையில் பெற்றார். காத்திருத்தலை மறுபடியும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மகளின் கட்டணப் பணமும் தப்பியது.

எனினும் ஒன்றை மறவாதிருப்போம். சிட்டை காப்பது சில நொடிகளின் செய்தியை மட்டுமே. அது மறுபடி ஆகாது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழை நம் நினைவை விட்டு அகலாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. மறைமலைநகர் அச்சகத்திற்குப் பணியாளர்கள் வந்துசேர இயலாமையால், 1878-இல் தொடங்கிய தி இந்து ஆங்கில நாளேடே டிசம்பர் 2-ஆம் நாள் அச்சாகவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்து நம் பகுதிகளை இருளில் ஆழ்த்தியது. ஆகவே சர்வரைத் தரையில் வையாது உயரத்தில் வையுங்கள், யு.பி.எஸ். ஒன்றை இணையுங்கள், அனைத்திற்கும் ஒரு படி வேற்றூரில் வாழும் உறவினர் வீட்டிலேனும் இருக்கட்டும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் கணக்கும் பிறர் பெயரும் புனிதமானவை. அவற்றைக் காக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. வந்ததை வந்தவுடன் எழுதுவதும், எழுதிய பின்னரே எழுதினேன் என்று சொல்வதும் போதும். வீட்டுக் கணினிக்கு மட்டுமன்று, குடும்பத்தில் ஒருவர்க்கொருவர் கொடுக்கும் வாக்கிற்கும் இதுவே முறை.