மெத்தை மாறியது, பாட்டும் மாறியது

பெங்களூரில் விவேக் நகர். குழந்தை இயேசு கோயில் இருக்கும் பகுதி. வியாழக்கிழமை வந்தால் தெருவெல்லாம் கூட்டம். வண்டிச் சத்தம் ஓயாது.

அங்கே ஒரு சந்தில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மெஷினில் உட்கார்ந்தால் காதில் ஹெட்போன் இருக்கும். நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கியது.

பாட்டு மட்டும் சரியாகக் கேட்காது. தகர டப்பாவுக்குள் பாடுவது போல இருக்கும். தவில் சத்தம் காதில் விழாது. அதனால் அக்கா சத்தத்தை முழுவதும் கூட்டி வைப்பார். இரவில் படுத்தால் காதுக்குள் 'ங்ஙொய்' என்று இரைச்சல்.

ஒரு நாள் தம்பி வந்தார். அவர் எலக்ட்ரிக் வேலை தெரிந்தவர்.

"சத்தத்தைக் கூட்டாதே அக்கா. ஓட்டையை அடை."

"எந்த ஓட்டைடா?"

தம்பி ஹெட்போனை அக்காவின் காதோடு சேர்த்து மெல்ல அழுத்தினார். உடனே தவில் 'திம் திம்' என்று கேட்டது! கையை எடுத்தார். தவில் போய்விட்டது. அக்காவுக்கு ஆச்சரியம்.

ஒலி எப்படி வருகிறது?

ஹெட்போனுக்குள் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. பக்கத்தில் மெல்லிய கம்பிச் சுருள். அதோடு ஒட்டிய ஒரு மெல்லிய தாள். பாட்டு மின்சாரமாகக் கம்பியில் வருகிறது. காந்தம் சுருளை இழுக்கிறது, தள்ளுகிறது. தாள் அதிர்கிறது. காற்றும் அதிர்கிறது. அதுவே பாட்டாகக் காதில் விழுகிறது.

தவில், பறை போன்றவற்றின் கனமான ஒலிக்குக் காற்று அடைபட்டு இருக்க வேண்டும். மெத்தை கிழிந்தால் இடைவெளி விழும். அதன் வழியே கனமான ஒலி போய்விடும். கீச்சு ஒலி மட்டும் மிஞ்சும். அக்காவின் ஹெட்போனில் மெத்தை நைந்து போயிருந்தது. குறை அங்கேதான்.

வீட்டிலேயே செய்யலாம்

1. மெத்தை: பை தைத்தபோது மிஞ்சிய ரெக்சின் இருந்தது. பழைய ஸ்பாஞ்சும் இருந்தது. அக்கா ஸ்பாஞ்சை வளையமாக வெட்டினார். ரெக்சினால் உறை தைத்தார். நழுவாமல் இருக்க ஓரத்தில் எலாஸ்டிக் வைத்தார். நடுவில் ஒலி வரும் இடத்தை மூடவில்லை.

2. பஞ்சு: வெறும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் ஒலி எதிரொலிக்கும். தம்பி திருகாணியைக் கழற்றிக் கிண்ணத்தைத் திறந்தார். பின்பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்தார். எதிரொலி குறைந்தது.

3. காகிதப் பிளாஸ்டர்: சில ஹெட்போன்களில் சிறு துளைகள் இருக்கும். காயத்துக்கு ஒட்டும் காகிதப் பிளாஸ்டரைத் துளை மேல் ஒட்டினால் ஒலி மாறும். எல்லா ஹெட்போனிலும் ஒரே மாதிரி மாறாது. ஒட்டிக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எதனால் நன்றாக ஆனது என்று தெரியும்.

கவனம்!

மெல்லிய தாளைத் தொடாதீர்கள். கம்பி தலைமுடி போன்றது. இழுத்தால் அறுந்துவிடும். காந்தம் ஸ்குரு டிரைவரை இழுக்கும். கையை இறுக்கிப் பிடியுங்கள். கம்பி இல்லாத ஹெட்போனில் பேட்டரி உண்டு. அதைத் திறக்க வேண்டாம்.

சமையலறையில் பிறந்த ஹெட்போன்

நத்தானியல் பால்ட்வின் என்பவர் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வாழ்ந்தவர். 1910-ஆம் ஆண்டில் அவர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்கள் செய்தார். அமெரிக்கக் கடற்படை அவற்றை வாங்கியது. வீட்டில் செய்யும் வேலை சிறிய வேலை அல்ல.

காதைக் காப்போம்

ஒலியை டெசிபல் என்ற அளவில் அளக்கிறார்கள். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். காதுக்குள் இருக்கும் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது. ஹெட்போனுக்கு மெத்தை மாற்றலாம். காதுக்கு மாற்ற முடியாது.

இப்போது அக்கா சத்தத்தைப் பாதிக்கும் கீழே வைக்கிறார். தவிலும் கேட்கிறது. வாசலில் யாராவது கூப்பிட்டால் அதுவும் கேட்கிறது. ஆனால் இரவு இரைச்சல் முழுவதும் நிற்கவில்லை. அதற்குக் காது மருத்துவரிடம் போகிறார்.

"முன்னாலேயே தெரிந்திருந்தால் சத்தத்தைக் கூட்டியிருக்க மாட்டேன்" என்கிறார் அக்கா.

சிந்திப்போம்

• உங்கள் ஹெட்போனைக் காதோடு மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒலி மாறுகிறதா?
• நீங்கள் சத்தத்தை எந்த அளவில் வைக்கிறீர்கள்?
• சாலையில் நடக்கும்போது ஹெட்போன் போடலாமா?