டோம்காட்டில் குறியீட்டு இணைப்புகள்

குறியீட்டு இணைப்பு என்பது வேறொரு கோப்பின் அல்லது அடைவின் முகவரியை மட்டும் தாங்கி நிற்கும் சிறப்புக் கோப்பு ஆகும். பல இணையச் செயலிகள் ஒரே படத்தொகுப்பைப் பகிர வேண்டுமெனில், ஒவ்வொன்றிலும் படியெடுத்து வைப்பதைவிட இணைப்பு அமைப்பதே எளிது. எனினும் ஜாவா வழங்கியான அப்பாச்சி டோம்காட் இவற்றை இயல்பிருப்பாகப் பின்தொடர்வதில்லை. கோப்பு இருந்தும் பயனருக்கு 404 பிழையே கிட்டும்.

கேட்கப்பட்ட பாதையையும், இணைப்புகளைக் களைந்த உண்மைப் பாதையையும் டோம்காட் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. வேறுபட்டால் கோப்பைத் தர மறுக்கிறது. இதனைத் தவிர்க்க 'அலோலிங்கிங்' என்னும் பண்புக்கு 'ட்ரூ' என்னும் மதிப்பை அளிக்க வேண்டும். 7 ஆம் பதிப்பு வரை இப்பண்பு 'கான்டெக்ஸ்ட்' உறுப்பில் இடம்பெற்றது. 8 ஆம் பதிப்பு முதல் அதனுள் அமையும் 'ரிசோர்சஸ்' உறுப்புக்கு மாற்றப்பட்டது. பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் வழங்கி வழக்கம்போல் தொடங்கும். பதிகைக் கோப்பில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் இருக்கும். அதைப் பலர் கவனிப்பதில்லை.

விண்டோசு இயங்குதளத்தில் இப்பண்பை இயக்கவே கூடாது. பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கண்டறிவதும் மேற்கூறிய அதே ஒப்பீடுதான். அது நீங்கியபின் ஒருவர் 'ஜேஎஸ்பி' பின்னொட்டை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டினால், கோரிக்கை ஜேஎஸ்பி பொறியைச் சென்றடையாது. விண்டோசோ இரு பெயர்களையும் ஒரே கோப்பாகக் கொள்ளும். விளைவாக நிரல் இயங்காமல், அதன் மூலநிரல் அப்படியே உலாவிக்கு அனுப்பப்படும். தரவுத்தளக் கடவுச்சொல் அதில் எழுதப்பட்டிருப்பின் அதுவும் உடன் வெளியாகும்.

8 ஆம் பதிப்பு முதல், வெளி அடைவொன்றைப் 'போஸ்ட்ரிசோர்சஸ்' உறுப்பின் வழியாகச் செயலியுடன் நேரடியாகப் பொருத்தலாம். இம்முறையில் ஒப்பீடு நீக்கப்படுவதில்லை.