நாணய வெள்ளிக் கரண்டிகள்
அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வெள்ளித் தட்டார்கள் செய்த கரண்டிகளும் கிண்ணங்களும் 'நாணய வெள்ளி' என்று வழங்கப்படுகின்றன. உள்நாட்டில் பெரிய வெள்ளிச் சுரங்கங்கள் இல்லாத அந்நாளில், ஸ்பானிய டாலர் முதலிய நாணயங்களையும் நசுங்கிய பழம் பாத்திரங்களையும் உருக்கி அவை செய்யப்பட்டதே இப்பெயருக்குக் காரணம். அமெரிக்க நாணயத்துக்கு 1837-இல் விதிக்கப்பட்ட தரம் ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. பின்னாளில் நாணய வெள்ளியின் இடத்தைப் பிடித்த ஸ்டெர்லிங் வெள்ளியின் தரமோ 925 பங்கு.

இங்கிலாந்தில் இருந்ததைப் போன்ற தர முத்திரை முறை நாடு முழுவதற்கும் இல்லாமையால், தட்டார்கள் காம்பின் பின்புறம் தம் பெயரையும், சிலர் 'காயின்' என்ற சொல்லையும் பொறித்தனர். வேறு சிலர் ஆங்கில முத்திரைகளைப் போலவே தோன்றும் பொய்க்குறிகளை இட்டுவைத்தது இன்றும் சேகரிப்போரைக் குழப்புகிறது.

தேர்ந்த சேகரிப்பாளர் முதலில் நோக்குவது கரண்டிக் குழிவின் நுனியைத்தான். வலக்கையால் உண்டோர் பல்லாண்டுகள் தட்டில் உரசியதால் அதன் இடப்பக்கம் தேய்ந்து சாய்ந்திருப்பதுண்டு. பழைய உரிமையாளரின் முதலெழுத்துகளைச் சுரண்டி அழித்த காம்பு மெலிந்துவிடுவதால், எழுத்துகள் அப்படியே உள்ள கரண்டியே மேலானது. தேக்கரண்டிகள் எளிதில் அகப்படுகின்றன. முட்கரண்டிகள் அரியவை, விலையும் அதற்கேற்ப மிகுதி.